டட்சன் மாமாவின் ஊரில்

வியாழன்

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் சனிக்கிழமை. "முன்னாடியே வந்துருப்பா, உனக்கு வேலை இருக்கு" என்று அத்தை போனில் சொல்லிவிட்டார். என்ன வேலை என்று கேட்டேன். "வா, சொல்றேன்" என்றதோடு சரி.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். மின்ரயில் ஏறினேன். 2015ல் வடக்கே பாடாங் பெசார் வரை இது ஓடத் தொடங்கிய பிறகு பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரமும் கொஞ்சமும்தான். கோலகங்சார் தாண்டி நீளமான சுரங்கப்பாதை, அப்புறம் புக்கிட் மேரா ஏரிக்குக் குறுக்கே தண்டவாளம். இரண்டு பக்கமும் தண்ணீர். பெட்டியில் போனை எடுத்துப் படம் பிடிக்காதவர் யாருமில்லை, நான் உட்பட.

மாமா இந்த ரயிலில் ஏறியதே இல்லை. "வீட்டுல காடி நிக்கும்போது டிக்கெட் வாங்கினா அதுக்கு மனசு வருத்தப்படும்" என்பார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. நாங்கள் செந்தூலில் இருந்த காலத்தில் பள்ளி விடுமுறை விட்டால் பினாங்கிலிருந்து அவருடைய டட்சன் 120ஒய் கார் வந்து வாசலில் நிற்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்தது 1994ல்தான். அதற்கு முன்னால் தைப்பிங், கோலகங்சார், ஈப்போ, தாப்பா என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து, லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரவேண்டும். வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்து வைப்பார். அதற்கப்புறம்தான் என் அம்மாவைப் பார்த்து, "நல்லாருக்கியாக்கா?"

மாமா வயர்மேன். வீடு, கடை, தொழிற்சாலை என்று நாற்பது வருஷத்துக்கு மேல் பினாங்குத் தீவில் ஒயர் இழுத்தவர். அவர் போன செய்தியைச் சொன்னவர்கள் எல்லாருமே "டட்சன் மாமா போயிட்டாரு" என்றுதான் சொன்னார்கள். பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

பட்டர்வொர்த் ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். புலாவ் ரிமாவ், புலாவ் பாயார் என்று தீவுகளின் பெயர் வைத்திருந்த பழைய ஃபெர்ரிகள் 2021 பிறந்ததோடு காடி ஏற்றுவதை நிறுத்திவிட்டன. 2023ல் வந்த புதிய படகுகளில் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களுக்கும்தான் இடம். குளுகுளுவென்று இருக்கிறது. கடல் காற்றுதான் இல்லை. பழைய படகானாலும் பாலமானாலும் தீவுக்குள் வரும்போது மட்டும்தான் காசு. வெளியே போகிறவரைச் சும்மா விட்டுவிடுவார்கள். மாமா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "பினாங்குக்காரன் எங்க போயிடப் போறான்? திரும்பி வருவான்ல, அப்ப வாங்கிக்கலாம்."

அத்தை படகில் வரமாட்டார். 1988 ஜூலை 31ஆம் தேதி இதே பட்டர்வொர்த் துறையில் நடைமேடை இடிந்து 32 பேர் இறந்துபோனார்கள். புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவுக்கும் சீனர் கோயில் விழாவுக்கும் போய்வந்த கூட்டம் அன்று. அத்தைக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றும் அந்தக் கூட்டத்தில் சிக்கித் தப்பித்திருக்கிறது. அன்றிலிருந்து அத்தைக்குப் பாலம்தான்.

ஜெலுத்தோங் வீட்டு வாசலில் டட்சன் துணி போர்த்தி நின்றது. மாமாவின் மூத்த மகன், எனக்கு மச்சான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மின் தொழில்நுட்பர். சின்னவன் புக்கிட் மெர்தாஜாமில் காடி பட்டறையில் போமன், அதாவது மெக்கானிக். மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜொகூரில் தாதியாக இருக்கிறாள், நாளை இரவுதான் வருகிறாள்.

அத்தை தேநீர் கொடுத்துவிட்டு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே முழுக்க 555 நோட்டுகள். மலேசியாவில் கடன் கணக்கு எழுத எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருந்த அதே சின்ன நோட்டு. அதிலிருந்து பழைய வாடிக்கையாளர்களின் பெயர்களை எடுத்து அத்தை ஒரு பட்டியல் போட்டிருந்தார்.

"இவங்களுக்கெல்லாம் நேர்ல போய்ச் சொல்லணும். போன்ல சொன்னா மரியாதையில்ல. நாளைக்கு நீயும் உன் மச்சானும் போய்ட்டு வாங்க. டட்சன்லயே போங்க, அப்பத்தான் யார் வீட்டு ஆளுன்னு தெரியும்."

வெள்ளி

டட்சன் கிளம்பவில்லை. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை. சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினால் க்ளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்ப் பையன்கள் இரண்டு பேர் கேட்காமலே வந்து தள்ளினார்கள். தெருமுனைக்குள் இரண்டாவது கியரில் இருமிக்கொண்டு பிடித்துக்கொண்டது. "எடுத்துட்டா அப்புறம் நிறுத்தக்கூடாது, பேச்செல்லாம் என்ஜின் ஓடும்போதே முடிக்கணும்" என்றார் மச்சான்.

1171 சிசி, நாலு கியர், பின்சக்கர ஓட்டம். மாமா வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டிய காடி. பாலம் வருவதற்கு முன்னால் வாங்கியது, அதாவது 1985க்கு முன்னால். இதை விற்ற நிறுவனம் 1976ல் செகாம்புட்டில் தொழிற்சாலை திறந்து இந்த ரகக் காடிகளைக் கோலாலம்பூரிலேயே பூட்டி ஓட்டவிட்டது. தன் காடி அங்கே பிறந்ததா, அதற்கு முந்தியதா என்று மாமா கடைசிவரை போமன்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஒருமுறை கே.எல். வந்தபோது என்னையும் ஏற்றிக்கொண்டு செகாம்புட் வரை போய், தொழிற்சாலை வாசலில் காடியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். உள்ளே போய் யாரையும் கேட்கவில்லை. காடிக்குப் பிறந்த வீட்டைக் காட்டினாராம்.

போகிற வழியெல்லாம் மச்சான் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் கட்டடங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். "இது அப்பா. அது அப்பா. அந்த மாடி அப்பா இல்ல, அப்பாவோட கூட்டாளி." பாடாங் தெம்பாக் அடுக்குமாடி வீடுகள் 1970 வாக்கில் எழும்பியபோது மாமா எடுபிடிப் பையன். குழாய் வளைப்பது, சுவரில் கொத்துவது, பெரியவர்களுக்குக் கோப்பி வாங்கி வருவது. அப்புறம் பாயான் லெப்பாஸ். 1972ல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து, எலெக்ட்ரானிக் கம்பெனிகள் வரிசையாக வந்தபோது கைத்தொழில் தெரிந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கொம்தார் கோபுரத்தில் சில மாடிகள். அன்று 65 மாடியாக இருந்த கட்டடத்தில் தான் வேலை செய்தது எந்தெந்த மாடி என்று மாமா சரியாகச் சொல்லுவார். லிஃப்ட் வருவதற்கு முன்னால் ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டு ஏறினாராம். முட்டிக்கு அது மறக்குமா?

புலாவ் தீக்குஸில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஆயர் ஈத்தாமில் கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர். தகவல் சொன்னோம், தண்ணீர் குடித்தோம், கிளம்பினோம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததால் எல்லா வீட்டிலும் பேச்சு சுருக்கம்.

ஜெலுத்தோங் மளிகைக்கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, வீட்டில் மட்டும் அப்படி முடியவில்லை. கடைக்குள்ளிருந்தே டட்சனைப் பார்த்துவிட்டுக் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டுநர் இருக்கையில் மச்சானைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஹொக்கியன் சீனத்தில் என்னவோ சொன்னார். மச்சானும் ஹொக்கியனிலேயே பதில் சொன்னார். மாமா வீட்டில் எல்லோருக்கும் ஹொக்கியன் வரும். எனக்கு விலை கேட்க மட்டும் வரும்.

தவுக்கே எங்களை உள்ளே கூட்டிப்போய், அரிசி மூட்டைகளுக்கு மேலே சுவரிலிருந்த பிரேக்கர் பெட்டியைத் திறந்து காட்டினார். வரிசையாகப் பிரேக்கர்கள். அவற்றுக்கு அடியில் வெள்ளைப் பட்டையில் பென்சில் எழுத்து. முன் ஹால். அடுப்படி. மாடி. சாமி. ஃபிரிட்ஜ். குளிக்கிற ரூம். அத்தனையும் தமிழில்! தவுக்கேக்கு ஒரெழுத்துத் தமிழ் தெரியாது, அவர் மனைவிக்கும் தெரியாது. இத்தனை வருஷமாகப் பிரேக்கர் விழுந்தால் மாமாவுக்குப் போன் போட்டு "மேல இருந்து மூணாவது எது?" என்று கேட்பாராம். மாமா எங்கே இருந்தாலும், பார்க்காமலே சொல்லிவிடுவாராம். "நெஞ்சுல படம் வச்சிருந்தான் என் கடைக்கு" என்றார் தவுக்கே, இதை மலாயில், எனக்காக.

ஏன் தமிழில் எழுதினார்? வேறு வயர்மேன் வந்து கை வைக்கக்கூடாது என்று இருக்கலாம். மாமாவுக்கு அந்த அளவு தொழில் சூது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். தவுக்கே ஒரு மார்க்கர் கொண்டுவந்தார். மச்சான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, தவுக்கே பக்கத்தில் சீன எழுத்தில் எழுதினார். பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.

"சாமி"க்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது: 61 408. தவுக்கே அது ஏதோ மின்சாரக் கணக்கு என்று நினைத்திருந்தார். மின் வாரியம் எல்.எல்.என். என்று இருந்து 1990ல் தெனாகா ஆன சமயத்தில் கொடுத்த எண்ணாக இருக்கும் என்பது அவர் ஊகம். மச்சான் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் வெளியே போய் டட்சனின் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

இரவு பிஸ்கட் டின்னைத் திறந்து தேடினோம். ஒரு 555 நோட்டில் இருந்தது. 61 408. பெட்ரோல் 20 வெள்ளி. தவுக்கே மெயின் போர்டு. அம்மா, பெரியவன், பாப்பா. எல்லா வரியும் இதே கணக்குத்தான்: தேதி, டட்சனின் மீட்டர், பெட்ரோல், யார் வீட்டு வேலை, காடியில் யார் யார். சின்னவன் பிறந்த பிறகு அவன் பெயரும் சேர்ந்துகொள்கிறது. மச்சான் மறுநாளே ஒரு சுற்று சுற்றி எல்லா வீட்டு மெயின் போர்டையும் திறந்து பார்க்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "ஆயில் மாத்தற கணக்குக்காக எழுதுவாரு. நோட்டு தொலஞ்சிட்டா என்ன பண்றதுன்னு போற வீட்டுலயும் எழுதி வச்சிட்டு வந்துருவாரு."

சனி

காரியம் காலையிலேயே தொடங்கிவிட்டது. எள், தர்ப்பை, பிண்டம். மச்சான் வேட்டியில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் செய்தார். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய பெடஸ்டல் விசிறி இரண்டு. அந்த விசிறிகளுக்கு நீட்டி இழுத்த ஒயரைப் பார்த்து, வந்திருந்த வயர்மேன்கள் நாலைந்து பேர் முகம் சுளித்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்துபோய் தரையில் கிடந்த இணைப்பைக் கழற்றி, உயரத்தில் கட்டிவிட்டு வந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

படையலில் கோப்பி ஓ, மீ கோரெங், அவித்த மரவள்ளி. சின்னவன் மாமாவின் டெஸ்ட் பென்னையும் கொண்டுவந்து இலையோரம் வைத்தான். அத்தை பார்த்துவிட்டு எடுத்து அவன் சட்டைப்பையிலேயே சொருகினார். "இதுல இன்னும் வேலை இருக்கு. உள்ள வை."

தவுக்கே மகனோடு வந்தார். ஆசிரியை வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் உறவுக்காரர் ஒருவர் எழுந்து மாமாவைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், நேர்மையான உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். எல்லா வீட்டிலும் எல்லாரைப் பற்றியும் பேசுகிற பேச்சு. எனக்குப் பக்கத்தில் பாப்பா முணுமுணுத்தாள்:

"குடும்பத்தோட வாழ்ந்தாருன்னு சொல்லுங்க. அத்தான், உங்களுக்குத் தெரியுமா? பீச்சுக்குப் போறோம்னு கிளம்புவோம். பத்து ஃபெரிங்கி போய்ச் சேர்றதுக்குள்ள யார் வீட்டு வாசல்லயாவது நிறுத்திருவாரு. 'பத்து நிமிஷம் பாப்பா.' அப்பாவோட பத்து நிமிஷம் இருக்கே! நான் நீச்சல் கத்துக்காததுக்கு யார் வீட்டு ஃபியூஸோதான் காரணம்."

டட்சனின் பின்னிருக்கை வினைல். வெயிலில் நிற்கிற காடியில் அரைக்கால் சட்டையோடு அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பாப்பா அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள், பெரியம்மை போல் வேர்க்குருவோடு. கண்ணாடியை இறக்கிவிட்டு வானொலியைப் போட்டுக்கொள்ள அனுமதி. ஒரு கட்டளையும் உண்டு: தமிழ்ச் செய்தி முடிந்த பிறகும் அப்பா வெளியே வராவிட்டால் போய்க் கதவைத் தட்டவேண்டும். திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லவேண்டும்.

"எதுக்குன்னு கேட்டதே இல்ல. செய்தி முடிஞ்சா போய்த் தட்டுவேன். 'என்ன பாப்பா'ன்னு எட்டிப் பார்ப்பாரு. திரும்பி வந்து உக்காருவேன்."

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு இதை அத்தையிடம் கேட்டாள். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். பாப்பா பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஜார்ஜ்டவுனில் காலியாகக் கிடந்த ஒரு பழைய கடைவீட்டில் மாமா தனியாக வேலை செய்திருக்கிறார். துணி சுற்றிய பழைய ஒயர், பீங்கான் ஃபியூஸ். மின்கசிவு வந்தால் தானாக விழுகிற பிரேக்கர் எதுவும் இல்லாத வீடு. மேலே கை வைத்ததும் தூக்கி எறிந்துவிட்டது. ஏணியிலிருந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல், கூப்பிட ஆளில்லாமல் பொழுது சாயும்வரை தரையில் கிடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து படிக்கட்டில் சறுக்கிவிட்டேன் என்று சொன்னாராம். உண்மையை அத்தையிடம் சொல்லவே சில வருஷம் ஆனது.

"அதுக்கப்புறம் தனியா வேலைக்குப் போனதே இல்ல. கூலிக்கு ஆள் வச்சுக்கற அளவுக்குக் காசு ஏது? உங்களைத்தான் கூட்டிட்டுப் போனாரு."

வெந்நீர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவு பிரேக்கர் போடாமல் மாமா இணைப்புக் கொடுக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். 1994 மின்சார விதிமுறைகள் வந்தபோது, சட்டமே தன் பக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர். செலவு அதிகம் என்று முரண்டு பிடித்த என் அப்பாவோடு எங்கள் வீட்டிலேயே சண்டை போட்டு, கடைசியில் தன் காசில் மாட்டிவிட்டுப் போனார். பயந்த சுபாவம் என்று அப்பா சொல்லுவார். எதைப் பார்த்துப் பயந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பாப்பா கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அப்புறம், "சரிம்மா, அதுக்காக பீச்சுல ஒரு அரை மணி நேரம் இருந்திருக்கலாம்ல" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். காவலுக்கு வந்த பிள்ளைக்குக் கூலி பாக்கி இருக்கிறது.

சாயங்காலம் டீ-சட்டை போட்ட இளைஞர்கள் இரண்டு பேர் வந்து மாமா படத்துக்குப் பூப்போட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் காடியின் விலை கேட்டார்கள். பின்சக்கர ஓட்டம் என்பதால் பழைய 120ஒய்க்கு இப்போது நல்ல கிராக்கி. பெரிய என்ஜின் போட்டு வளைத்து வளைத்து ஓட்டுகிறார்கள். முகவரி வைத்துக்கொண்டு வந்திருந்தாலும் முதலில் பூப்போட்டார்களே, அது போதும். அத்தை தேநீர் கொடுத்து அனுப்பினார். விலை சொல்லவில்லை.

1985 ஜூலையில் புரோட்டான் சாகா வந்தபோது ஊரே மாமாவை வாங்கச் சொன்னது. நம் நாட்டுக் காடி, புதுக் காடி, கடனும் கிடைக்கும். மாமா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "மிட்சுபிஷிக்குப் பேர் மாத்தி வச்சிருக்காங்க" என்று மூடிவிட்டார். தெருவில் எல்லார் சாகாவுக்கும் ஒயரிங் வேலை செய்து கொடுத்தார், அது வேறு. பாப்பா தாதிப் பயிற்சிக்குப் போனபோதுதான் வீட்டுக்கு இரண்டாவது காடி வந்தது: பழைய கஞ்சில், 660 சிசி, அவள் பேரில். புது ஓட்டுநர் என்று காட்டும் 'பி'யைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவள் ஓட்ட, டட்சனில் மாமா ஆஸ்பத்திரி வாசல் வரை பின்னாலேயே போவார். எத்தனை மாசம் என்று பாப்பாவைக் கேட்டால் கோபம் வருகிறது.

ஞாயிறு

பட்டியலில் கடைசிப் பெயர் பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டக்காரர். காரியத்துக்கு வர முடியவில்லை, முட்டி வலி. எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் அத்தை. பதினாறு முடிந்த மறுநாளே வெளியில் கிளம்புவதா என்று பெரியம்மா ஒருவர் முகத்தைத் தூக்கினார். "அவரு காடிலதானே போறேன்" என்று சொல்லிவிட்டு அத்தை முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

ஜம்பர் கேபிள் வைத்துக் கிளப்பினோம். சின்னவன் ஓட்டினான். மச்சான், நான், பாப்பா பின்னால். தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா என்று கடலோரமாகப் போகிற சாலை அழகுதான், வார இறுதி நெரிசலில் அதை ரசிக்க நிறைய நேரமும் கிடைத்தது. பத்து ஃபெரிங்கியில் பாப்பா சின்னவனின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். என்ஜினை நிறுத்தாமல் சின்னவன் காடியிலேயே இருக்க, நாங்கள் இறங்கினோம். பாப்பா சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். கூட அத்தையும். சின்னவன் ஹார்ன் அடித்த பிறகும் வரவில்லை.

தெலுக் பஹாங் அணைக்கட்டு தாண்டினால் மலை ஏற்றம், ஊசி வளைவுகள். தித்தி கெராவாங் பக்கம் போவதற்குள் டட்சன் விக்க ஆரம்பித்தது. இரண்டு வளைவு தாண்டி நின்றேவிட்டது. சின்னவன் இறங்கிப் பானெட்டைத் திறந்தான். பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிற ரகம். ஏற்றத்தில் என்ஜின் சூடேறினால் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும், கார்ப்ரெட்டருக்குப் போய்ச் சேராது. சின்னவன் டிக்கியைத் திறந்தான். ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் மாமா வைத்திருந்த ஒரு பழைய பனியன், ஒரு போத்தல் தண்ணீர். பனியனை நனைத்து நாலாக மடித்து, பம்பின் மேல் போர்த்தி, நுனியை ஹோஸ் குழாயில் ஒரு சுற்று சுற்றிச் சொருகினான். துணியிலிருந்து ஆவி பறந்தது. காய்ந்ததும் மறுபடி நனைத்தான். இதை அவனுக்குப் பட்டறையில் சொல்லித் தரவில்லை. இப்போது வருகிற காடிகளில் இப்படி ஒரு பம்பே கிடையாது.

நாங்கள் சாலையோரத்தில் நின்றோம். அத்தை மட்டும் முன்னிருக்கையை விட்டு இறங்கவில்லை. பாப்பா பின்னிருக்கையில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வானொலியைப் போட்டாள்.

"பேட்டரி போயிடும், அணை" என்றான் சின்னவன்.

"பத்து நிமிஷம்" என்றாள் பாப்பா.

பேட்டரி போனது. இறக்கத்தில் திருப்பிவிட்டு, உருட்டிக் கிளப்பி, மறுபடி திரும்பி ஏறி பாலிக் பூலாவ் போனபோது தோட்டக்காரர் சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போயிருந்தார். எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அவர் வீட்டுக்கு மின்சாரம் வந்த நாளன்று மாமா முதல் சுவிட்சைத் தட்டுவதற்கு அவருடைய அம்மாவை அழைத்ததையும், அந்தக் கிழவி பயந்துபோய்த் துடைப்பக் கட்டையால் தட்டியதையும் சொல்லிச் சிரித்தார். அத்தைக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது, காடிக்குள்ளிருந்து பார்த்தாராம். மச்சான் அனுமதி கேட்டு மெயின் போர்டைத் திறந்தார். இருந்தது ஓர் எண். பென்சில் மங்கிக் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை.

திரும்பும்போது துன் சார்டோன் சாலை வழியாக வந்தோம். அதுவும் மலைதான். பனியனை எடுக்கவே இல்லை.

திங்கள்

காலையில் குடும்பக் கூட்டம். வீடும் காடியும் மாமா பேரில். சொத்துப் பத்திரம் முடிந்தால்தான் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்ற முடியும். அதுவரை விற்பதா வைப்பதா என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மச்சான் சொன்னார். "அதுக்கப்புறமும் இல்ல" என்றார் அத்தை. காடியின் முன் கண்ணாடியில் சாலை வரி ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து சொந்தக் காடிகளில் ஒட்டவேண்டியதில்லை என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் மாமா கேட்டு வாங்கி ஒட்டியது.

வாரம் ஒருமுறை காடியை எடுக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பசாருக்கு அத்தையைக் கூட்டிப்போகவேண்டும் என்பது வரை ஒத்துப்போனார்கள். அதற்குமேல் தகராறு. பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், தொல்லை இருக்காது என்கிறான் சின்னவன். அப்பா ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்து ஓட்டிய காடியில் பாயிண்ட்டை எடுப்பதா என்கிறார் மச்சான், வேலையிடத்தில் நாள் முழுக்க எலெக்ட்ரானிக்ஸோடு இருப்பவர். போமன் நவீனம் பேச, தொழில்நுட்பர் பழமை பேசுகிறார். பாப்பா அந்தச் சண்டையில் சேராமல் 555 நோட்டுகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். படம் பிடித்துத் திருப்பி அனுப்புகிறாளாம்.

தவுக்கே போன் செய்தார். பிரேக்கர் ஒன்று விழுந்திருக்கிறது, சீன எழுத்தைப் பார்த்துத் தானே தூக்கிவிட்டாராம். அதைச் சொல்லத்தான் போன்.

எனக்கு மத்தியான ரயில். தைப்பிங் தாண்டியபோதும் குடும்ப வாட்சப்பில் இக்னிஷன் சண்டை ஓயவில்லை. மச்சான் ஏதோ வரைபடம் போட்டார், சின்னவன் அதற்கு மேலே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினான். ஈப்போ வருவதற்குள் அத்தை ஒரு குரல் பதிவு போட்டார்:

"மொதல்ல ரெண்டு பேரும் போய் பேட்டரிய மாத்துங்கடா."